பூர்ணிமாவும் திறக்காத கல்யாணமும்

கருவடிக்குப்பத்தில் பூர்ணிமாவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்வது தொழில். கணவன் கோபிநாத் டேப் கேமராவில் எடுத்து வருவான். அவள் வெட்டி, ஒட்டி, மணப்பெண்ணைச் சுற்றி ரோஜாப்பூ பறக்க விடுவாள். எட்டு வருஷமாக எந்தப் பூவும் வழி தவறியதில்லை.

2008இல் ஜிஸ்லேன் என்ற பெண்ணின் கல்யாண வேலை வந்தது. அவளுடைய சித்தப்பா தொமினிக், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பாரீஸிலிருந்து உள்ளங்கை அளவுக் கேமராவோடு வந்து இறங்கினார். மாதாகோயிலில் மோதிரம் மாற்றும் நேரத்தில், "தம்பி, நவுரு. இது ஹெச்.டி." என்று கோபிநாத்தைத் தூணுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார். கோபிநாத்தின் டேப்பில் தூண் வெகு துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

மறுநாள் தொமினிக் மெமரி கார்டோடு வந்தார். அதிலிருந்த ஃபைலைப் பார்த்ததுமே பூர்ணிமாவின் சாப்ட்வேர் கையை விரித்துவிட்டது.

"சார், எங்க சாப்ட்வேருக்கு டேப்பு வீடியோதான் தெரியும். இது புது ஃபார்மேட்டு."

"கேமராவுல ஒரு கொறையும் இல்லம்மா. ஃபைல் பேருல கடைசி மூணு எழுத்த மாத்து, தொறந்துக்கும்."

மாற்றினாள். பேர் மாறியது, புத்தி மாறவில்லை. தொமினிக் இந்தியாவின் நிலைமையை எண்ணி வருந்தியபடியே அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இன்டர்நெட்டில் தேடி, ஃபார்மேட் மாற்றும் சாப்ட்வேர் ஒன்றை இறக்கினாள். முதல் தடவை படம் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை சத்தம் வந்தது, கல்யாணம் நடத்திவைத்த சாமியார் பச்சையாக வந்தார். மூன்றாம் தடவை எல்லோரும் ஒல்லியாக நீண்டுபோயிருந்தார்கள். ஜிஸ்லேனின் அம்மா பார்த்திருந்தால் இதுவே இருக்கட்டும் என்றிருப்பார்.

"விட்டுடு பூர்ணிமா, தூணையே போட்டுக் குடுத்துடலாம்" என்றான் கோபிநாத்.

"அந்தப் பொண்ணு மோதிரம் போட்டத மறுபடி எங்க போயி எடுப்பீங்க?"

நான்காம் நாள் எல்லாம் ஒழுங்காக வந்தது. பீடம் தெரிந்தது. மணமக்கள் தெரிந்தார்கள். சாமியார் மோதிரங்களை ஆசீர்வதித்தார். அடுத்த நொடி படம் தடாலென்று கீழே இறங்கி, தொமினிக்கின் பளபளக்கும் ஷூவில் நின்றது. பதினோரு நிமிடம், முழு ஹெச்.டி.யில் ஷூ.

பல்லைக் கடித்துக்கொண்டே சத்தத்தையாவது கேட்டாள். ஜிஸ்லேன் வாக்குக் கொடுக்கும் குரல் தெளிவாக இருந்தது. அதற்கு மேலே, கேமராவுக்கு மிக அருகில், ஒரு ஆண் தேம்பித் தேம்பி அழும் சத்தம். மனுஷன் அழுகையில் கேமராவையே மறந்திருக்கிறார். பூர்ணிமாவுக்கு அதுவரை இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

ஷூவைத் தூக்கிவிட்டு, போட்டோக்காரர் ஆல்பத்துக்கு எடுத்திருந்த மோதிரப் போட்டோக்களின் மேல் அந்தச் சத்தத்தை வைத்தாள். தேம்பலை மட்டும் கொஞ்சம் தணித்தாள்.

சி.டி. வாங்க வந்த ஜிஸ்லேன் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அக்கா, பின்னாடி யாரோ அழறாப்புல கேக்குதே?"

கூட வந்திருந்த தொமினிக் அவசரமாகச் சுவர்க் காலண்டரில் தேதி பார்த்தார்.

"அது ஃபார்மேட் மாத்துனதுல வந்த எரைச்சல்மா" என்றாள் பூர்ணிமா.

"ஆமாமா, ஃபார்மேட்டு" என்றார் தொமினிக், காலண்டரைப் பார்த்தபடியே.