முந்தாநாள் பீன்ஸ்

பழைய பஸ்களை உடைக்கும் யார்டில் அவனைச் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓங்கி ஒரே போடு போட்டால் பஸ்ஸின் முகம் உள்ளே போய்விடும். மனிதர்களிடமும் அப்படித்தான். வாய் பேசி முடிப்பதற்குள் கை பேசிவிடும். யார்டில் இரண்டு பேருக்குப் பல் போனது அவனால்தான். மேஸ்திரியே நாலடி தள்ளி நின்றுதான் அவனுக்கு வேலை சொல்வார்.

தோள்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போடுவான், நாளைக்கு நாலு, ஐந்து என்று. வயிறு எரிந்தது, சோடாவை ஊற்றி அணைத்தான். வருஷங்கள் அப்படியே ஓடின. பிறகு எரிச்சல் போய் வேறொன்று வந்து சேர்ந்தது. நாலு வாய் சாப்பிட்டால் வயிறு கல்லாகும். ஏப்பத்தில் அழுகின முட்டை நாறும். சாயங்காலமானால் பின்சுவரோரம் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுப்பான். எடுத்தால்தான் மூச்சே வரும். உடம்பு வற்ற வற்ற, பெல்ட்டில் ஆணியடித்து நாலு ஓட்டை புதிதாகப் போட்டான்.

சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுந்தது.

"என்னடி கலக்குற இதுல?" என்று தட்டை மனைவியின் முகத்தில் வீசினான்.

"நானும் புள்ளையும் இதே பானையிலதானே தின்னுறோம்? எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

கேள்வி நியாயமானது. அதனாலேயே அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் வலது கையை முறுக்கிக் கதவு நிலையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் உள்ளறையில் இருந்த மகளுக்கே கேட்டது. மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு அன்றே மகளோடு தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் அவள்.

அதன்பின் அவனுக்கு யார்டு கேன்டீன்தான் கதி. அதை நடத்துகிறவளை எல்லோரும் கேன்டீன் அக்கா என்பார்கள். நாலாம் நாள் மத்தியானம் பாதித் தட்டிலேயே குமட்டிக்கொண்டு வந்து மேஜையெல்லாம் கொட்டிவிட்டது. அவ்வளவுதான், கண்மண் தெரியாமல் பாய்ந்தான்.

"நீயும் விஷம் வைக்கிறியா?"

முதல் குத்திலேயே அக்காவின் உதடு கிழிந்தது. அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையை எட்டி உதைத்தான்; கொதிக்கிற கஞ்சி அவள் பாதத்தில் சிந்தித் தோல் உரிந்தது. அவள் அலறினாளே தவிர ஓடவில்லை. இரும்புக் கரண்டியால் அவன் காதோரம் இரண்டு வைத்தாள். மூன்று பேர் சேர்ந்து அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்கள். திமிறினான், ஒருவன் கையைக் கடித்தான், மறுபடியும் தரையெல்லாம் வாந்தியெடுத்தான்.

வாயில் ரத்தம் ஒழுக அக்கா அதில் கிடந்த பீன்ஸ் துண்டுகளைக் குனிந்து பார்த்தாள்.

"டேய், இன்னைக்கு நான் போட்டது முட்டையும் சோறும். பீன்ஸ் போட்டது முந்தாநாள்! முந்தாநாள் தின்னது இன்னைக்கு அப்படியே வருதுன்னா, கோளாறு என் சட்டியில இல்ல, உன் வயித்துல!"

பிடியை உதறிக்கொண்டு அவளை நோக்கி மறுபடி எம்பினான். விரல்கள் கொக்கிபோல் இழுத்துக்கொள்ள, தன் வாந்தியிலேயே குப்புற விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இடுப்பைப் பிடித்துக் குலுக்கினார். பாதி நிறைந்த குடம்போல் உள்ளே தண்ணீர் சளசளத்தது. மூக்கு வழியாக ட்யூப் போட வந்தபோது இரண்டு முறை பிடுங்கி எறிந்து நர்சின் தட்டை உதைத்துத் தள்ளினான். கையைக் கட்டிலோடு கட்டித்தான் போட முடிந்தது. கறுப்பாக, நாற்றமாக, மூன்று லிட்டர் இறங்கியது.

"புண்ணு வந்து வந்து ஆறி, தழும்பாகி, இரைப்பையோட வாசலே சுருங்கிப்போச்சு," என்றார் டாக்டரம்மா. "ஒரு பென்சில்கூட நுழையாது. சாப்பிட்டது கீழ இறங்க வழியில்லாம உள்ளயே கிடந்து அழுகுது. புத்துநோய் இல்ல, அந்த மட்டும் நல்லது. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும்."

உறவுக்காரர் கையெழுத்து வேண்டுமென்று மனைவிக்குச் சொல்லி அனுப்பினார்கள். வலது கையில் மாவுக்கட்டு, இடது கையால் கோணல்மாணலாகப் போட்டாள்.

"பாத்தியா," என்றான் அவன், ட்யூபுக்கு நடுவே. "இந்த வியாதிதான்டி என்னை இப்படி ஆட்டி வச்சிருக்கு."

அவள் பேனாவை மூடினாள். "வயிறு அடைச்சு ஒண்ணரை வருஷம் இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. நீ என்னை அடிக்கிறது பதினோரு வருஷமா."

பேனாவை நர்சிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"கையெழுத்து உன் உயிருக்குப் போட்டேன். வீட்டுக்கு இல்ல."

வயிற்றைக் கிழித்து, இரைப்பையிலிருந்து குடலுக்குப் புதிதாக ஒரு வழி வைத்துத் தைத்தார்கள். பல நாள் கழித்து அரை டம்ளர் கஞ்சி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, எப்போது மேலே வருமோ என்று வாளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பசித்தது.

மனைவியும் கேன்டீன் அக்காவும் தனித்தனியாகப் போலீசில் புகார் எழுதிக்கொடுத்திருந்தார்கள். மறுக்காமல் ஒப்புக்கொண்டு ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்ததும் கேன்டீன் வாசலில் போய் நின்றான்.

"நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லலன்னா..."

"நான் பேசினது என் சட்டிக்காக, உனக்காக இல்ல. வெளிய போ," என்றாள் அக்கா. தையல் போட்ட உதடு ஒருபக்கம் இழுத்திருந்தது.

பாரம் தூக்கக் கூடாது என்பதால் மேஸ்திரி அவனை போல்ட்டு பிரிக்க உட்காரவைத்தார். ஒரு நாள் பக்கத்தில் இருந்தவன், "என்னப்பா, பஞ்சர் ஒட்டின வயிறு தாங்குதா?" என்று சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் சிரித்தவன் தாடையில் சம்மட்டியின் குத்து விழுந்தது. தாடை விலகிப்போய் அவன் சரிந்தான்.

குழாயடியில் விரலிடுக்கு ரத்தத்தைக் கழுவிவிட்டுச் சம்மட்டி தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். எரிச்சல் இல்லை, குமட்டல் இல்லை. பழி போட எதுவுமே மிஞ்சவில்லை.

நேராக மனைவியின் அக்கா வீட்டுக்கு நடந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மனைவி வந்தாள்.

"இன்னைக்கு ஒருத்தனைத் தாடை பேர அடிச்சிட்டேன்," என்றான். "வயித்துல ஒரு கோளாறும் இல்ல. நல்லா சாப்பிட்டுட்டுத்தான் அடிச்சேன்."

அவள் ஜன்னல் கதவில் கை வைத்தாள்.

"இதைப் போலீஸ்ல போய்ச் சொல்லு," என்று ஜன்னலைச் சாத்தினாள்.

அவன் போய்ச் சொன்னான்.