சீனித்தாயின் கைராசி

ஏரலுக்குக் கீழே, ஆற்று வாய்க்கால் கடலை நெருங்கி இளைத்துப்போகும் ஊரில், யார் நாற்றங்காலிலும் முதல் கைப்பிடி விதையைச் சீனித்தாய்தான் தூவ வேண்டும். கைராசி. கல்யாண வீட்டுக்கு அவளைக் கூப்பிட மறந்தவர்கள்கூட அதற்கு மறந்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய, பிள்ளையில்லாத விதவைக்கு அந்த ஊரில் இருந்த ஒரே மரியாதை அது.

இந்த மழைக்காலப் பிசானச் சாகுபடிக்கு வாய்க்கால் தண்ணீர் கடைமடை வரைக்கும் வரவில்லை. அவள் கொழுந்தன் பாண்டியராஜன் உப்பளத்தை ஒட்டிப் போர் போட்டு, எல்லா நாற்றங்காலுக்கும் தண்ணீர் விற்றான். சாக்கில் நன்றாக முளைகட்டியிருந்த நெல், பாத்திக்குப் போனதும் கெட்டது. பாதி ஊதி அழுகி, மிதித்தால் விரலிடுக்கில் சளிபோல் வழுக்கியது. மீதி ஊசிமுனையாக எட்டிப்பார்த்து, நுனி வெளுத்துச் சுருண்டது. பிடுங்கினால் வேரே நீளவில்லை. வரப்போரம் காய்ந்த எச்சில் மாதிரி உப்புப் பூத்திருந்தது. செத்த மீன் கழுவிய நாற்றம்.

"தண்ணில உப்பு ஏறிக் கெடக்கு," என்றாள் சீனித்தாய்.

"தண்ணி மேல பழி போடாதிய மதினி. ஒங்க கைராசி விட்டுப்போச்சி," என்றான் பாண்டியராஜன்.

ஊரும் தலையாட்டியது. தண்ணீர் கெட்டதென்றால் வேறு தண்ணீர் தேட வேண்டும். கை கெட்டதென்றால் வேறு கை போதும். மறு விதைப்புக்கு மகாராஜா என்ற ஊர்க்காரரின் புதுமருமகள் சரண்யாதேவியை மஞ்சள் பூசிக் கூட்டிவந்தார்கள். தெருவில் சீனித்தாய் எதிரே வந்தபோது விதைப்பெட்டியை முந்தானையால் மூடினார்கள். போன வருஷம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போன அதே பெண்கள். கொஞ்சமும் கூசவில்லை.

புதுக்கை தூவிய விதையும் அழுகியது. பிறகு பாண்டியராஜனே நாலு பேரோடு அவள் வாசலில் வந்து இளித்தான்.

"வாங்க மதினி. பழைய கைதான் சரி."

"எந்தத் தண்ணி?"

"நம்ம போர்த்தண்ணிதான்."

அவள் நேரே அவன் மோட்டாரடிக்கு நடந்தாள். ஒரு செம்பு பிடித்து நீட்டினாள். "ஒரு மடக்கு குடி. குடிச்சிட்டா வாரேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வாயில் ஊற்றினான். முகம் கோணி, பக்கத்தில் நின்ற பெரியவர் இசக்கியப்பன் வேட்டியிலேயே துப்பினான்.

"ஏலே, எம்மேலயா துப்புத!"

பாண்டியராஜன் வாயைத் துடைத்துக்கொண்டான். "நெல்லுக்கென்ன நாக்கா இருக்கு மதினி? அது குடிச்சிக்கிடும்."

யாராவது சிரித்திருக்க வேண்டும், இல்லையென்றால் திட்டியிருக்க வேண்டும். இசக்கியப்பனோ வேட்டி நுனியைப் பிழிந்தபடி, "ஏளா, நல்ல நேரம் போயிரும், சீக்கிரம் வா," என்றார்.

சீனித்தாய் செம்பை அங்கேயே கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். தன் வயலுக்கு வைத்திருந்த விதைநெல்லை அண்டாவில் கொட்டி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தாள். நெல் அவிகிற வாடை தெருவுக்கு வந்ததும் பெண்கள் பதறி ஓடிவந்தார்கள்.

"பாவி, வெதயப் போயி அவிக்காளே!"

"அந்தத் தண்ணில கெடந்து அழுகுறதுக்கு, சோறாவாது ஆவட்டும்," என்றாள். வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்காமல் இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள்.