நவாபு கோபுரத்திலிருந்து இறங்கியவர்கள்

இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. லுப்னாவுக்கு நடந்தது. அவளைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் அவள் எதிரில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

லுப்னாவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். கணவன் ஃபர்ஹான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஷிஃப்ட், ஓவர்டைம் என்று வீட்டில் இருப்பதே அபூர்வம். "எண்ணூராண்ட நவாபு டவர் மேல ஏறினா என் கிரேன் தெரியும், காட்றேன் வா" என்று சொல்லிச் சொல்லியே பல ஞாயிறுகள் ஓடிவிட்டன. ஒருவழியாக அன்று கிளம்பினார்கள்.

தொட்டதெல்லாம் சொதப்பல். காசிமேட்டில் மீன் சாப்பிடலாம் என்றால் பைக் நிறுத்த இடமில்லை. திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. முகத்துவாரத்தில் படகில் போகலாம் என்றால், தண்ணீரெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல். படகுக்காரர் கையை விரித்துவிட்டார். புதுச் செருப்பு வேறு லுப்னாவின் காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

கோபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. எப்போதோ ஒரு நவாபு கட்டிய அரண்மனை அது. இப்போது உடைந்த தூண்களும் கருவேலஞ்செடிகளும்தான். பின்னால், கடலைப் பார்த்தபடி, அந்தக் கோபுரம் மட்டும் முழுசாக நின்றது. ஒரே வாசல். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் குறுகலான படி.

வாசலில் வாட்ச்மேன் அய்யாத்துரை மறித்தார். "படியில ரெண்டு பேரு ஒதுங்க முடியாது. மேல யாரோ இருக்காங்க, சத்தம் கேக்குது பாருங்க. அவங்க இறங்கட்டும்." சொல்லிவிட்டு கேட் பக்கம் போய்விட்டார்.

உண்மைதான். தட்... தட்... என்று காலடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கூடவே வளையல் சத்தம்.

காத்திருந்தார்கள்.

காலடிகள் இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன. இதோ அடுத்த வளைவு என்பதுபோலக் கேட்கும். யாரும் வரமாட்டார்கள்.

"இன்னாங்க இது, இருட்டப் போவுது" என்றாள் லுப்னா.

"இரு, கேட்டாண்ட போய் அந்தாளைக் கூட்டியாறேன்." ஃபர்ஹான் எரிச்சலோடு நடந்தான்.

அவள் தனியாக நின்றாள். தட்... தட்... தட்... நாள் முழுக்க அடக்கிவைத்த கோபமெல்லாம் பொங்கிவந்தது. வாசலுக்குள் தலையை நீட்டிக் கத்தினாள்.

"இன்னா, அங்கயே குடித்தனமா? சீக்கிரம் வாங்க!"

காலடிகள் நின்றன.

மிக அருகில், தலைக்கு மேலே, ஒரு பெண் குரல். மெதுவாக...

"வரட்டுமா?"

"வாங்கன்னுதானே கூப்ட்டுனு கீறேன்!"

சில்லென்று ஒரு காற்று வாசலைக் கடந்தது. நனைந்த துணியின் வாடை. ஏதோ அவள் தோளை உரசியது...

பிறகு, முழங்கால் உயரத்தில், யாரோ அவள் புர்காவைப் பிடித்து இழுத்தார்கள்.

குனிந்தாள்.

யாரும் இல்லை.

ஃபர்ஹானும் அய்யாத்துரையும் வந்தபோது அவள் புர்காவை இறுக்கிப் பிடித்தபடி வாசலை விட்டுத் தள்ளி நின்றிருந்தாள். அய்யாத்துரை டார்ச்சோடு ஏறினார். தனியாக இறங்கினார்.

"மேல யாருமில்ல." அவர் அவசரமாகப் பூட்டைப் போட்டார். "நேரமாச்சு, கிளம்புங்க."

"இவ்ளோ நேரம் நிக்க வெச்சிட்டு... இன்னா பேஜாருய்யா இது!" ஃபர்ஹான் கத்தினான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிரேனையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. வழியெல்லாம் ஃபர்ஹான் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். வண்டி வேறு இழுக்கவில்லை. பின் டயரில் காற்று இல்லை என்று விம்கோ நகரில் ஒரு கடையில் நிறுத்தினான். கடைக்காரர் அழுத்திப் பார்த்தார்.

"காத்து கரெக்டா கீது, நைனா."

லுப்னா வாய் திறக்கவில்லை. சொன்னால் சிரிப்பான். இல்லை, சண்டை வரும். புளியந்தோப்பில், மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏறியதும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

காலையில் ஃபர்ஹானை எழுப்பாமல் குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு இறங்கினாள். கீழ்வீட்டுக் காத்தூன் பீவி படிக்கட்டை ஒட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, விருந்தாளிங்க இன்னும் எழுந்திரிக்கலியா?"

"எந்த விருந்தாளிங்க?"

"நேத்து உங்க பின்னாடியே ஏறிச்சே ஒரு பொம்பள, ரெண்டு புள்ளைங்களோட. ஒடம்பெல்லாம் ஈரம். யாரு வூட்டுக்குன்னு கேட்டேன். நீதான் வரச் சொன்னியாமே?"

குடம் லுப்னாவின் கையிலிருந்து நழுவியது.

"இன்னாடி, மூஞ்சி வெளுக்குது? சுபுஹு தொழுததுலேர்ந்து இங்கதான் குந்திகினு கீறேன்..." காத்தூன் பீவி படியை அண்ணாந்து பார்த்தார். "இன்னும் யாரும் எறங்கல."