எழுதாமல் விட்ட ஒரு பெயர்

வாசல் மணி அடித்தால் வெர்னா ஸ்டோக்லி உடனே கதவைத் திறக்கமாட்டாள். ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கி, வந்தவரின் காலைப் பார்ப்பாள். பதினாறு வருஷப் பழக்கம். கறுப்புத் தோல் ஷூ என்றால் சோதனை அதிகாரி. கேன்வாஸ் ஷூ என்றால் பார்சல்காரன்; மூச்சு வரும்.

லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய வேன் நைஸில் அவளுடைய தம்பி டுவைட் நிர்வாணப் படங்களும் கவர்ச்சிப் படங்களும் எடுக்கிறவன். சட்டப்படி, படத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பதினெட்டு வயது ஆனதற்கு அத்தாட்சி வாங்கி, அவர்கள் வைத்துக்கொண்ட எல்லாப் பெயர்களோடும் அட்டையில் குறித்து வைக்க வேண்டும். அரசு அதிகாரிகள் எந்த நாளும் சொல்லாமல் சோதனைக்கு வருவார்கள். அந்தப் பதிவுகளைக் காப்பவரின் பெயரும் விலாசமும் படங்களோடு அச்சாக வேண்டும். டுவைட்டின் ஸ்டுடியோ வருஷத்துக்கு ஒரு இடம் மாறும். அக்காவின் வீடு மாறாது, எனவே அச்சாவது அவள் பெயர். அதனால் சட்டம் சொல்கிறபடி வாரத்துக்கு இருபது மணி நேரம், திங்கள் முதல் வெள்ளி வரை பன்னிரண்டிலிருந்து நாலு வரை, அவள் வீட்டைவிட்டு நகர முடியாது.

“என் படத்தைவிட உன் விலாசத்தைத்தான் நிறையப் பேர் படிக்கிறாங்க, வெர்னா. நீதான் ஸ்டார்.”

“கொழுப்புடா உனக்கு. மாட்டுனா அஞ்சு வருஷம் உள்ள போறது நானும்தானே?”

அப்படிப் பயந்தவள்தான் ஒரு பெயரை எழுதாமல் விட்டாள்.

டுவைட்டின் படத்துக்கு நிற்க வந்த கொரீன் பட்டிஸ்டா முப்பத்தொரு வயதுக்காரி. முன்பு வேறு இடங்களில் ஜூனிப்பர் ரே என்ற பெயரில் படம் எடுத்துக்கொண்டவள். வெர்னா அட்டையை எடுத்ததும் கொரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பேர மட்டும் வேண்டாம், வெர்னா. பொண்ணு யாருகிட்ட இருக்கணும்னு கோர்ட்டுல இழுத்துட்டிருக்கான் என் பழைய புருஷன். அது அவன் வக்கீல் கைக்குப் போச்சுன்னா நான் தொலைஞ்சேன்.”

வெர்னா பேனாவை மூடினாள். அன்றிலிருந்து அட்டைகள் இருந்த அலமாரிப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். எழுதிவிடலாம் என்று இரண்டு முறை இழுப்பறையைத் திறந்தாள். இரண்டு முறையும் மூடினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. திரையை விலக்கினாள். வெளுத்த கேன்வாஸ் ஷூ, இரண்டு ஜோடி. நிம்மதியாகக் கதவைத் திறந்தவள் முன்னால் சோதனை அதிகாரிகள் இருவர் அடையாள அட்டையை நீட்டினார்கள்.

பதினோரு பெயர் கேட்டார்கள். பத்துக்கு அட்டை உடனே வந்தது. பதினொன்றாவது ஜூனிப்பர் ரே. டுவைட்டின் படங்களை வாங்கிய ஒரு பத்திரிகை, பழைய பெயரையே போட்டிருந்தது.

“அப்படி ஒரு பேரே இல்லையே, மேடம்?”

தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் வயதை மறைத்தது போல ஆகிவிடும். கொரீனின் கோப்பை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“வயசுக்கு அத்தாட்சி எல்லாம் சரியா இருக்கு, பாருங்க. அந்தப் பேர நான்தான் எழுதல.”

“ஏன்?”

“அவ கேட்டுக்கிட்டா.”

“எதுக்காம்?”

“அத அவகிட்டதான் கேக்கணும்.”

இளையவன் சிரித்துவிட்டான். “கேட்டா விட்டுடலாம்னு சட்டத்துல எங்கயும் பாக்கலையே மேடம்.” பெரியவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் வெர்னா அந்தப் பெயரை எழுதினாள். கொரீனுக்குப் போன் செய்து, வந்தவர்கள் கேட்டதைச் சொன்னாள்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

கொரீன் போனை வைத்துவிட்டாள்.

நாலு வருஷம் ஆகிறது. வெர்னா மேல் வழக்கு வரவில்லை, வராது என்றும் யாரும் சொல்லவில்லை. கொரீன் பிறகு பேசவில்லை, மகள் யாரிடம் இருக்கிறாள் என்று தெரியாது. பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெர்னா வீட்டில் இருக்கிறாள். இப்போது கேன்வாஸ் ஷூவைப் பார்த்தாலும் மூச்சு வருவதில்லை.