பந்தல்குடிக் கிணற்றின் வெள்ளைப் பூச்சி

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு விலங்கியல் ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். காவிரிக் கரையில் பிறந்தவள். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிய பேச்சும் வீட்டில் ஓய்ந்துபோயிருந்தது. பாளையம்பட்டிப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். என்னிடம் தமிழில் பேசுவார்கள். கதவைச் சாத்தியதும் அவர்களுக்குள் தெலுங்கு. தங்கமான மனிதர்கள்தான். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சேர்ந்து சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் படுத்துக் கிடப்பது கஷ்டமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் இருக்க முடியாது. ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, காடு மாதிரித் தெரிகிற இடத்தில் இறங்கி, கற்களைப் புரட்டிக்கொண்டு நடப்பேன். நான் தேடியது ஒரு சின்ன உயிர். ஈரமான கல்லுக்கடியில் சாம்பல் நிறத்தில் இருக்கும். முதுகு முழுக்க ஓடு ஓடாக அடுக்கியிருக்கும். ஆங்கிலத்தில் வுட்லவுஸ் என்பார்கள். தமிழில் அதற்கென்று ஒரு பேரை நான் கேட்டதில்லை. பூச்சி என்றுதான் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம். என்றோ கடலைவிட்டுக் கரையேறி வந்த வம்சம். இன்றைக்கும் பெண் பூச்சி வயிற்றடியில் ஒரு சிறு நீர்ப்பையை வைத்துக்கொண்டு அதற்குள்தான் குஞ்சு வளர்க்கும். அந்தக் கரிசல் வெயிலில் அதைத் தேடுவது கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரியும்.

ஒரு ஞாயிறு பந்தல்குடி தாண்டி அப்படிக் குனிந்து நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏம்மா, என்னத்தத் தொலைச்சீக?"

என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. தலையில் விறகுக்கட்டு. ஒன்றும் தொலைக்கவில்லை, காலேஜ் டீச்சர், பூச்சி தேடுகிறேன் என்றேன்.

"பூச்சிக்கா இந்த வெயில்ல வந்தீக? பெத்தவுக தேட மாட்டாகளா?"

கல்லுக்கடியில் ஈரம் வேண்டும், இருட்டு வேண்டும் என்று விளக்கினேன். கட்டை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப எங்க கெணத்துக்குள்ளதான் பாக்கணும்" என்றாள்.

புருஷன் தூத்துக்குடிக்கு லாரி ஓட்டப் போகுமுன் ஆள் வைத்துத் தோண்டிய கிணறு அது. சுண்ணாம்புப் பாறையில் வெடி வைத்தபோது பக்கச்சுவர் உடைந்து ஒரு பொந்து திறந்திருக்கிறது. தண்ணீர் வரவில்லை. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்ததால் ஆட்கள் பயந்து வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இடுப்பில் வடக்கயிற்றைக் கட்டி என்னை இறக்கினாள். மேல்முனையை வேப்பமரத்தில் சுற்றியிருந்தாள். பொந்துக்குள் தவழ்ந்து போனால் ஓர் அறையளவு இடம் இருந்தது. மேலிருந்து ஏதோ மரத்தின் வேர்கள் இறங்கி அழுகிக் கிடந்தன. டார்ச்சை வேரில் அடித்தேன். வெள்ளை வெளேரென்று, அரிசிக் குருணை அளவில், அவை ஊர்ந்துகொண்டிருந்தன. வெளிச்சத்தைக் கண்டு ஓடவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தேன். கண்ணே இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது.

"டீச்சரு! உசுரோட இருக்கீகளா?"

"இருக்கேன் அக்கா!" என்று கத்தினேன். என் குரல் அந்தக் குகைக்குள் சுற்றி வந்தது. நான் அப்படிக் கத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

சாராயக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்தவை எல்லாம் பெண். இந்தப் பூச்சிகளில் ஆணின் வயிற்றடித் தகடுகளை வைத்துத்தான் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரித்தறிய முடியும். மறுபடி போனேன், அவள் மறுபடி கயிறு பிடித்தாள். அந்தத் தடவை ஆண் கிடைத்தது. அதன் பிறகு பல மாதம், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின்பு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து கால் காலாக, தகடு தகடாகப் பிரித்து வரைந்தேன். வீட்டுக்கார அம்மா ஒருநாள் படத்தை எட்டிப் பார்த்து, "பாவம், கண்ணு வரைய மறந்துட்டீங்களே" என்றார்.

வடக்கே இருந்த ஒரு நிபுணருக்கு அனுப்பினேன். இதுவரை யாரும் விவரிக்காத இனம், நீங்களே எழுதலாம் என்று பதில் வந்தது. ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்தேன். ஒருவர் "நல்லது" என்றார். இன்னொருவர் அது பயிரைத் தின்னுமா என்று கேட்டார். பிறகு டீ வந்தது. யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம்தான் பெரிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்து போனேன். அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வாங்க டீச்சரு, வந்து பாருங்க! தண்ணி!"

கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். பொந்து இருந்த இடம் தெரியவில்லை. ஒரு செம்பில் மொண்டு என் வாயில் ஊற்றாத குறையாகக் குடிக்க வைத்தாள். இனி மிளகாய் போடலாம், புருஷனை லாரியை விட்டுவிட்டு வரச் சொல்லலாம் என்று மூச்சு விடாமல் பேசினாள். நானும் சிரித்தேன். சிரிக்கத்தான் வேண்டும், அவ்வளவு காலம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

சட்டென்று நிறுத்தினாள். "ஏன் டீச்சரு, ஒங்க பூச்சி?"

தண்ணீரைக் காட்டினேன்.

"அடப்பாவமே" என்று கன்னத்தில் கை வைத்தாள். "கண்ணு இல்லாததுக எங்கிட்டு ஓடியிருக்கும்? எனக்கு நெனப்பே வரலையே."

இரண்டு பேரும் கிணற்று விளிம்பில் குனிந்து தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஊருக்கு வந்த பிறகு என் துக்கத்தை இன்னொருவர் பக்கத்தில் நின்று பகிர்ந்துகொண்டது அன்றைக்குத்தான்.

அவள் பெயரையே அதற்கு வைத்தேன். லத்தீனில் அந்தப் பெயர் கொஞ்சம் நீண்டு ஒலித்தது. அச்சாகி வந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன்.

"எம் பேரையா வச்சீக? அதுக்கு வேற நல்ல பேரே கெடைக்கலையா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புருஷன் அப்போதும் வந்திருக்கவில்லை.

சில வருடம் கழித்துக் கிணறு வற்றியபோது ஒரு தடவை இறங்கிப் பார்த்தேன். பொந்து முழுக்க வண்டல் அடைத்திருந்தது. கையால் தோண்டினேன். வேர்கள் கறுத்துப் பிசுபிசுத்து வந்தன, வேறெதுவும் இல்லை.

"இருக்கா டீச்சரு?" என்று மேலிருந்து கேட்டாள்.

கயிற்றை ஒரு தடவை இழுத்தேன். அது மெதுவாக இறுகியது. "ஏறி வாங்க" என்றாள், "கஞ்சி கரைச்சு வச்சிருக்கேன்."