ஈர நெல்லில் வந்த லாபம்

போர் ஓய்ந்த சமாதான காலம், அடைபட்டிருந்த பாதை திறந்திருந்தது. ஸ்கந்தபுரம் பக்கத்தில் ஒரு விவசாயிகள் சங்கத்தில் நான் கணக்காளராக இருந்தேன். சங்கம் நெல் வாங்கி, அரிசியாக்கி விற்கும். லாபத்தை நெல்தான் தீர்மானிக்கிறது என்று முதலில் நம்பினேன். மண்ணாங்கட்டி! கதிரையில் இருக்கிற தலைவரின் குணம்தான் தீர்மானித்தது.

முந்தைய தலைவர் பயந்த மனிதர். லாபம் கூடினால் ஆட்கள் பங்கு கேட்பார்கள் என்று, நல்ல நெல்லையும் பழுது என்று எழுதச் சொல்வார். அடுத்து வந்தவருக்கோ மாலையும் மைக்கும் கைதட்டும் வேண்டும். முந்தியவரைவிட இரண்டு மடங்கு லாபம் காட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அதற்கு வழியும் கண்டுபிடித்தார். நெல் வாங்கும்போது ஒரு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். 'டக்' என்று உடையாவிட்டால் ஈரம் என்று நிறையில் கழித்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். அறுவடை முடிந்த கையோடு வருடக் கணக்கு முடியும். அப்போது அதே ஈர நெல்லை முழு நிறைக்கும் காய்ந்த நெல்லின் விலையில் இருப்பாகப் போடச் சொன்னார். இருப்பு ஏற, கணக்கில் லாபமும் ஏறும்.

“தண்ணிக்கும் விலையோ?” என்றேன். “இல்லாத லாபத்தைப் பங்கு பிரிச்சால் அடுத்த போகத்துக்கு நெல் வாங்கக் காசு இராது. சனம் வெளி வியாபாரியிட்டை அரைவிலைக்குக் குடுக்கோணும். நான் போட மாட்டன்.”

“அப்ப நானே போட்டுக் கூட்டத்திலை வாசிக்கிறன். நீர் வேறை வேலை தேடும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கிழமையே களஞ்சிய முற்றத்தில் பொதுக்கூட்டம். அவர் லாபத்தை வாசிக்க, ஒரே கைதட்டு. நான் எழும்பிப் போய், பக்கத்து மூட்டையில் ஒரு பிடி அள்ளி நீட்டினேன்.

“தலைவர், காய்ஞ்ச நெல்லெண்டு நீங்கள் விலை போட்டது இதுதான். ஒருக்கால் கடிச்சுப் பாருங்கோ.”

மைக் வாய்க்கு நேரே இருந்தது. கடித்தார். சத்தமே இல்லை.

“ஈரம்! கழியுங்கோ தலைவர்!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். இவரிடம் கழிவு கொடுத்த சனம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, கழியும் பிள்ளை,” என்றார்.

அன்று என் கால் நிலத்தில் நிற்கவில்லை!

அடுத்த போகத்தில் சங்கம் வந்த நெல்லையெல்லாம் கையோடு காசு கொடுத்து வாங்கியது. முதலில் வந்த மூட்டைகள் தலைவருடையவை. ஒரு மணியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீர் கடியும்.”

கடித்தேன். ஈரம். கழித்தேன்.