கண்ணாடி அலமாரிப் பைப்

பல்செட் செய்வதை விட்ட பிறகு புகைபிடிக்கும் பழைய பிரையர் மரப் பைப்புகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவருக்கு, தன் வேலையை யாராவது குறை சொன்னால் மட்டும் பொறுக்காது. அன்று மாடிவீட்டு ஹெட்மாஸ்டர் மனைவியோடு இறங்கி வந்து, போன மாதம் புதுப்பித்து வாங்கிப்போன பைப்பை மேசையில் டொக்கென்று வைத்தார்.

“என்னங்க வேலை இது? வாயில வைக்கிற குழல்ல பள்ளம் பள்ளமா விழுந்திருக்கு. எங்கப்பா ஞாபகமா அலமாரியில வச்சதோட சரி. நான்தான் புகையை விட்டு நாலு வருஷமாச்சே!”

“ஆமாங்க, இவரு இப்ப தொடுறதே இல்ல” என்றார் மனைவி பெருமையாக.

பைப்பைப் புதுப்பித்தவருக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. சூடுகாட்டி, உப்புத்தாள் போட்டு, மூன்று நாள் தேய்த்த குழல் அது! பூதக்கண்ணாடியை எடுத்தார். குழலின் அடியில் இரண்டு பள்ளங்கள் நேராக இருந்தன; மூன்றாவது மட்டும் சாய்ந்திருந்தது. ஒரு பல் கோணலாக இருந்தால்தான் நிஜப் பல் மாதிரி இருக்கும் என்று ஹெட்மாஸ்டர் அடம்பிடித்து இவரிடம் செய்துகொண்ட பல்செட் கண்முன் வந்து நின்றது.

“என் வேலையையா குறை சொல்றீங்க? குழலைச் சரி பண்ணதும் நான்தான், அதைக் கடிச்ச பல்லைக் கட்டுனதும் நான்தான் சார்!”

மனைவி மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் வாயை இறுக மூடிக்கொண்டார்.